மூன்று நாள் காவல்

கிள்ளான் காப்பார் சாலையோரம் தாத்தா ஆறு பசு வைத்திருந்தார். எனக்கு எட்டு வயதிருக்கும். ஒருநாள் மாட்டு டாக்டர் வந்து ஒவ்வொன்றின் கழுத்திலும் முடியை மழித்து ஊசி போட்டார். மூன்று நாள் கழித்து வந்து தொட்டுப் பார்த்தபோது செவலைக்கு மட்டும் ஊசி போட்ட இடம் தடித்திருந்தது. காசநோய் என்றார்கள். லாரி வந்து செவலையை ஏற்றிக்கொண்டு போனது.

போன ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அந்த மூன்று நாள் மறுபடி நினைவுக்கு வந்தது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் இறங்கிய ஊர் டர்பன். அங்கே முனியம்மா, கோவிந்தசாமி என்று பெயர் கேட்டால் கிள்ளானுக்கே வந்துவிட்டதுபோல் இருக்கும். அங்கிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி சரணாலயம். 1895-இல் அறிவிக்கப்பட்ட காடு. வெள்ளைக் காண்டாமிருகத்தை அழியாமல் காத்த இடம்.

நாங்கள் பார்த்தது காட்டெருமைக் கூட்டம். நம் ஊர் எருமை மாதிரி கொம்பைப் பிடித்து நிறுத்த முடியாது. ஜீப்பை விட்டு இறங்கவே விடவில்லை. இதற்கும் காசநோய்ச் சோதனை உண்டு என்றார் வழிகாட்டி. ஹெலிகாப்டரில் விரட்டி, காட்டுக்குள்ளேயே கட்டிய பட்டியில் அடைப்பார்களாம். மயக்கி, கழுத்தில் இரண்டு ஊசி. ஒன்று மாட்டுக் காசநோய்க் கிருமியின் சாறு, மற்றது பறவைக் கிருமியுடையது. மண்ணிலும் நீரிலும் உள்ள சாதுக் கிருமிகளாலும் தோல் தடிக்கும் என்பதால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். 72 மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். அதுவரை தீனி, தண்ணீர், காவல்.

மாட்டுச் சாறு போட்ட இடம் அதிகம் தடித்திருந்தால் துப்பாக்கிதான். மனிதனுக்குப்போல் ஆறு மாதம் மாத்திரை கொடுக்க யாரால் முடியும்? விட்டுவைத்தால் கூட்டத்துக்குப் பரவும். அதைத் தின்னும் சிங்கத்துக்கும் தொற்றும். குரூகர் காட்டில் 1990-இல் எருமைகளிடம் இந்நோய் தெரியவந்தது. வீட்டு மாடுகளிடமிருந்து வந்ததாகக் கருதுகிறார்கள்.

ரத்தச் சோதனையும் இருக்கிறது. அதற்கு ஒருமுறை பிடித்தால் போதும், ஆனால் ரத்த அணுக்கள் சாவதற்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். காட்டுப் பாதையில் அது சுலபமில்லை.

வழிகாட்டி கடைசியில் சொன்னதுதான் மனதை விட்டுப் போகவில்லை. சுட்ட எருமைகள் சிலவற்றை அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் ஒரு கட்டிகூட இருக்காதாம். நோயின் தொடக்கமாக இருக்கலாம், சோதனை தவறியும் இருக்கலாம். உயிரோடு இருக்கும்போது உறுதியாகப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

தாத்தா மிச்சமிருந்த ஐந்து பசுவோடு பால் ஊற்றினார். நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி வீடுவீடாகச் சொன்னார். ஆனால் என்னிடம் மட்டும், சாகும்வரை, "செவல ஒருநாள்கூட இருமினதில்ல பாப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.