வற்றிய நீரும் வற்றாத உப்பும்

தில்லியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் 100 லிட்டர் கடல் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து பணி நிமித்தம் குடிபெயர்ந்த தந்தை, கடற்கரையைப் பிரிந்த ஏக்கத்தில் அக்கண்ணாடித் தொட்டியை அமைத்திருந்தார். அதில் இரண்டு கோமாளி மீன்களும், காளானைப் போல் விரியும் மென்பவளங்களும் வாழ்ந்தன. கல்லாய் இறுகும் பவளங்கள் நம் நாட்டில் வனவிலங்குச் சட்டத்தால் காக்கப்படுபவை. ஆதலால் அவற்றின்மீது கொண்ட ஆசையை அவர் விட்டுவிட்டார்.

ஞாயிறுதோறும் அவர் நீரைச் சோதிப்பார். ஒரு லிட்டரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம் இருத்தல் வேண்டும். கால்சியமும் காரத்தன்மையும் அளவோடு இருத்தல் வேண்டும். இரண்டையும் ஒருசேர மிகுதியாக இட்டால், அவை தம்முள் கூடிச் சுண்ணாம்புத் தூளாய்ப் படிந்துவிடும்.

மே மாதத்தில் அவர் ஒரு வாரம் வெளியூர் செல்ல நேர்ந்தது. “நீர் வற்றினால் கோடு வரை நிரப்பிவிடு, அம்மா” என்று ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளிடம் சொல்லிச் சென்றார். தொட்டியருகே இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் வடிகட்டிய நன்னீர். மற்றொன்றில் உப்புக் கரைத்த நீர். கடல்வாழ் உயிர்களுக்கு நன்னீர் ஆகாது என்று சிறுமி எண்ணினாள். பெரியவர்களிலும் பலர் அவ்வாறே எண்ணுவர். நாள்தோறும் 2 லிட்டர் உப்புநீரை ஊற்றி வந்தாள்.

ஏழாம் நாள் பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. சிறுமி அஞ்சி, தூத்துக்குடியில் இருந்த ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்தாள். இளமையில் உப்பளத்தில் உழைத்தவர் ஆச்சி.

“வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும், கண்ணு. உப்பு எங்கே போகும்? பாத்தியில் மேலும் மேலும் உப்புநீர் பாய்ச்சித்தானே நாங்கள் உப்பு எடுத்தோம்? நீ வீட்டுக்குள்ளேயே உப்பளம் நடத்தியிருக்கிறாய்!”

சிறுமி கணக்கிட்டாள். ஏழு நாளில் 14 லிட்டர்; கூடிய உப்பு 490 கிராம். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது ஏறத்தாழ 40 ஆகியிருந்தது. செங்கடலின் உப்பும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் அங்குள்ள பவளங்கள் அதற்குப் பழகியவை.

அன்றிரவு தந்தை பையைக் கீழே வைக்குமுன்பே அவள் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின் உப்பை அளந்து பார்த்தார்.

“இப்போதே நன்னீரை ஊற்றிவிடட்டுமா, அப்பா?”

“வேண்டாம், அம்மா. திடீரென்று உப்புக் குறைந்தால் அவற்றின் உடல் நீரை உறிஞ்சி வீங்கிவிடும். மெல்லத்தான் இறக்க வேண்டும்.”

ஐந்து நாள்கள், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் உப்புநீரை எடுத்துவிட்டு, அதே அளவு நன்னீரை இருவரும் ஊற்றினர். வற்றியதற்கும் நன்னீரையே நிரப்பினர். ஆறாம் நாள் காலையில் பவளங்கள் பல விரிந்தன. ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் விரியவில்லை.

சிறுமி நன்னீர்க் கேனின்மேல் ‘வற்றினால் இது’ என்று தமிழில் எழுதி ஒட்டினாள். பள்ளிக்குப் புறப்படுமுன் அந்த ஒன்றை மீண்டும் ஒருமுறை குனிந்து பார்த்தாள்.