சார்ஜ் ஏறுது, கம்ப்யூட்டர்ல காட்டல

திங்கள்

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் கடைக்கு வந்தார். கையில் கண்ணாடி விரிசல் விட்ட செல்போன், பாறையில் விழுந்ததாம். படம் தெளிவாகத் தெரிகிறது, தொட்டால் மட்டும் அசையவில்லை.

“உள்ள இருக்கற போட்டோவ எல்லாம் பிரிண்ட் போட்டுக் குடு தம்பி. வன உரிமை மனுவோட வைக்கணும்.”

வடக்கனந்தலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கிவரும் மனுக்கள் பழக்கம்தான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 13.12.2005க்கு முன்பிருந்தே நிலம் தங்கள் அனுபவத்தில் இருந்ததைப் பழங்குடியினர் காட்ட வேண்டும். வீட்டு வரி ரசீதும் சான்று. போட்ட வரப்பும் கட்டிய வீடும் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் கூடச் சான்றுதான். இவர் வரப்பு, கல் அடுக்கிய கரை, கிணறு என எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

கடையில் கிடந்த கேபிளைச் செருகினேன். சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. போனை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

சாயங்காலம் கேபிளை மாற்றினேன். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. மலிவான சார்ஜர் கேபிள் சிலவற்றில் பின்னிரண்டும் இருப்பதேயில்லை. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நல்ல கேபிள் போட்டதும் ‘டிங்’ என்று சத்தம் வந்தது. போனின் பெயரும் வந்தது. திறந்தால் காலி.

செவ்வாய்

பக்கத்துக் கடைத் தம்பி எட்டிப் பார்த்து, “டிரைவர் டவுன்லோட் பண்ணுங்கண்ணே” என்றான். விண்டோஸ் 10க்கும் 11க்கும் பெரும்பாலும் அது தேவையில்லை, உள்ளேயே இருக்கிறது. தேடிப்போய்க் கண்டதையும் இறக்கினால் வைரஸ்தான் மிச்சம். பெயர் தெரிகிறது என்றாலே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன என்று அர்த்தம். பாக்கி இருப்பது அனுமதி.

பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பென் டிரைவ் மாதிரி மெமரியை அப்படியே கம்ப்யூட்டரிடம் விட்டுவிடும். அந்த நேரத்தில் போனால் அதைத் தொட முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் எழுதினால் எல்லாம் குழம்பிவிடும். 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0இலிருந்து எம்டிபி முறை வந்தது. முன்னது பத்தாயத்துச் சாவியையே கொடுப்பது. இது வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் அளந்து போடுவதை வாங்கிக்கொள்வது. 2015இன் ஆண்ட்ராய்டு 6.0 இன்னும் கறார்: கேபிள் செருகினால் சார்ஜ் மட்டும். ஃபைல் வேண்டுமென்றால் லாக்கைத் திறந்து, மேலிருந்து அறிவிப்பை இழுத்து, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தொட வேண்டும்.

காரணம் உண்டு. 2013இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள், சார்ஜர் போலத் தோன்றும் ஒரு கருவியை வைத்தே ஐபோனுக்குள் தீய மென்பொருளை ஏற்றிக் காட்டினார்கள். அதே ஆண்டு வந்த ஐஓஎஸ் 7, ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா’ என்று கேட்கத் தொடங்கியது.

எல்லாம் சரி. ஆனால் இந்தப் போனில் ‘சரி’ என்று தொடும் இடம்தான் செத்துக் கிடக்கிறது. மெமரியைக் கழற்றிப் படிக்கலாமா என்றால், உள்ளிருப்பது பூட்டின் சாவி இல்லாமல் யாருக்கும் புரியாத எழுத்தாக மாற்றப்பட்டிருக்கும்.

புதன்

கரும்பு டிராக்டர் ஓட்டுகிற தம்பி போனைக் கொண்டுவந்தான், அதே புகார். சிபியுவின் முன்பக்க ஓட்டையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றியதும் வந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்: கேபிள், ஓட்டை, கம்ப்யூட்டர், கடைசியில் போன். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் வேலை நடக்கலாம். எது கெட்டிருந்தது என்று தெரியாது.

வியாழன்

அண்ணன் வந்தார். கேபிளில் எப்போதும் கம்ப்யூட்டர் எஜமான், போன் ஏவலுக்குக் காத்திருப்பது. ஓடிஜி இணைப்பான் அதைத் திருப்பிப் போடும்: போன் எஜமானாகி மவுஸ், கீபோர்டைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். மவுஸைச் செருகினேன். விரிசலுக்கு நடுவே அம்புக்குறி எழுந்தது.

“லாக் நம்பரை நீங்களே போடுங்கண்ணே” என்று மவுஸை அவர் கையில் கொடுத்துத் திரும்பிக்கொண்டேன். சற்றுத் தடுமாறினாலும் திறந்துவிட்டார்.

சிக்கல் அதோடு தீரவில்லை. ஓட்டை ஒன்றுதான், மவுஸை உருவினால்தான் கேபிள் போகும், கேபிள் போனபின் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தொட ஆளில்லை. அதனால் முன்கூட்டியே அனுமதி. செட்டிங்கில் பில்டு நம்பரை ஏழு தடவை கிளிக் செய்தால் டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும். அதில் யுஎஸ்பியின் வழக்கமான வேலையாக ஃபைல் டிரான்ஸ்ஃபரை வைத்தேன். திரை அணையும் நேரத்தையும் கூட்டினேன். பிறகு மவுஸை உருவி, திரை அணைவதற்குள் கேபிளைச் செருகினேன். ‘டிசிஐஎம்’ ஃபோல்டர் வந்தது. அதற்குள் வரப்பு, கரை, கிணறு.

வெள்ளி

“வாட்ஸ்அப்புல அனுப்பினா ஆகாதா?” என்று அண்ணன் கேட்டார். “டவர் கிடைக்கிற இடமா பாத்து நிக்கணுமே. அதோட அதுல போட்டோவா அனுப்புனா படம் சுருங்கிடும். எடுத்த தேதி, எடம்னு உள்ள பதிஞ்சிருக்கறதும் போயிடும். மனுவுக்கு அதுதானே உசிரு?” என்றேன். கேபிளில் படம் அசலாகவே வந்துவிடுகிறது. தேதியைப் பார்த்து ஒவ்வொன்றின் கீழும் அச்சிட்டேன்: கிராமசபையின் வன உரிமைக் குழுவுக்கு ஒரு செட், வீட்டுக்கு ஒரு செட்.

திங்களன்று இந்தப் போன்மேல் எனக்கு எரிச்சல்தான். ஆனால் உரிமையாளர் இல்லாமல் அன்றைக்கே அது எனக்குத் திறந்திருந்தால், பஸ்ஸில் தவறவிட்டால் எடுத்தவனுக்கும் திறந்திருக்கும். கெட்டுப்போனது தொடுதிரை மட்டும். மற்றதெல்லாம் செய்ய வேண்டிய காவலைத்தான் செய்திருக்கிறது.

“திரை மாத்திடுங்கண்ணே” என்றேன். விலையை விசாரித்திருக்கிறார்போல, சிரித்துவிட்டு, மவுஸும் ஓடிஜியும் என்ன விலை என்று கேட்டார். இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.