கிளாஸ்கோவில் ஒரு செத்த காலேஜ்

எழும்பூரிலுள்ள பொருட்காட்சிசாலையைப் பற்றிச் சென்னை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1851-ம் வருஷத்தில் ஒரு கல்லூரிக் கட்டிடத்தின் மாடியில் அது ஆரம்பமாயிற்று. பிறகு எழும்பூருக்குக் குடி போயிற்று. அரசாங்கத்தார் அதற்கு எவ்வளவு பெரிய பெயர் வைத்தாலும் ஜனங்கள் இட்ட பெயர் "செத்த காலேஜ்" என்பதுதான். அந்த நாளில் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை "உயிர் காலேஜ்." இவ்விரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பினவன் பட்டணம் பார்த்தவனாக மாட்டான் என்று கிராமாந்தரங்களில் ஒரு சித்தாந்தமே இருந்து வந்தது.

நாம் முப்பது வருஷமாகச் சென்னையில் வசிக்கிறோம். நம் குழந்தைகளை அந்தச் செத்த காலேஜுக்கு ஒரு தடவைகூட அழைத்துக்கொண்டு போனதில்லை. பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற தைரியந்தான் காரணம். இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரத்துச் செத்த காலேஜுக்கு நாம் குடும்ப சகிதமாக விஜயம் செய்த கதையைச் சொல்லத் தொடங்குகிறோம்.

நம் மைத்துனர் அந்நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறார். அவர் வீடு கிளைட் நதிக்குத் தென்கரையில், கப்பல் கட்டுவதற்குப் பெயர் போன கோவன் என்னும் பகுதியில் இருக்கிறது. மூன்று நாளாக விடாத மழை. குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, நாற்காலிகளின் ஆயுளைக் குறைத்துக் கொண்டிருந்தன. "அத்திம்பேரே! கெல்வின்குரோவுக்குப் போய் வரலாமே? கூரையும் உண்டு, காசும் கிடையாது" என்றார் மைத்துனர். இரண்டாவது காரணம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

கிளாஸ்கோவின் பாதாள ரயில் 1896-ம் வருஷத்தில் ஏற்பட்டது. மொத்தம் பதினைந்து நிலையங்கள். கிளைகள் எதுவும் இல்லாமல் ஊரை ஒரே வட்டமாகச் சுற்றி வருகிறது. வெளி வட்ட வண்டி வலமாகவும் உள் வட்ட வண்டி இடமாகவும் போகின்றன. நம் தாயாருக்கு இதை விளக்கியபோது அவருடைய முகம் மலர்ந்தது. "பிரதட்சிணமாப் போறது எது? அதிலேதான் நான் ஏறுவேன்" என்றார். நல்ல வேளையாக, கோவனிலிருந்து கெல்வின்குரோவுக்குப் போக வேண்டிய வண்டியும் அதுவேதான். நதிக்கு அடியில் புகுந்து, இரண்டாவது நிலையத்தில் இறங்கினோம்.

மழைத் திரையை விலக்கிக்கொண்டு செந்நிறக் கற்களால் ஆன கோபுரங்கள் தெரிந்தன. ஏதோ ஸ்பெயின் தேசத்து அரண்மனையைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாற்போல் இருந்தது. 1888-ல் இவ்வூரில் ஒரு பெரிய கண்காட்சி நடந்து லாபம் கிடைத்ததாம். அந்தப் பணத்தையும் மூலதனமாகக் கொண்டு இக்கட்டிடத்தை எழுப்பி, 1901-ல் நடந்த அடுத்த கண்காட்சியின்போது திறந்திருக்கிறார்கள். சித்திர சேகரமோ அதற்கும் முந்தியது. வண்டி கட்டுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஆர்ச்சிபால்ட் மக்லெல்லன் என்பவர் வாழ்நாளெல்லாம் படங்களாக வாங்கிக் குவித்து, 1854-ல் இறக்கும்போது அவற்றை ஊருக்கு எழுதி வைத்துப் போனார். அதுவே விதை.

கட்டிடத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. சிற்பி வரைந்த படத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, முன்புறத்தைப் பின்புறமாகக் கட்டிவிட்டார்களாம். அதைக் கண்டு மனமுடைந்த சிற்பி கோபுரத்திலிருந்து விழுந்து உயிரை விட்டாராம். இது சுத்தப் புளுகு. பூங்காவைப் பார்த்து நிற்க வேண்டுமென்றேதான் வாசல் அமைந்தது. சாலையோடு வருகிறவர்கள் கொல்லைப் புறமாக நுழைந்து பழகிவிட்டதால் பிறந்த கதை. தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்று நாமும்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம்! வெயிலில் போய் நின்று பார்த்தவர் யார்?

உள்ளே நுழைந்ததும் நம் கை பழக்க தோஷத்தால் சட்டைப் பையைத் தேடிற்று. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலே இல்லை. விருப்பமுள்ளவர் போடலாம் என்று ஓர் உண்டி மட்டும் இருந்தது. யார் எவர் என்று கேட்பாரில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள், கைவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளி வரும் தாய்மார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தினம் வந்து உட்காருகிறவர் போல் தோன்றிய ஒரு கிழவர் எல்லோரும் தங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பது போல் இருந்தார்கள்.

ஒரு கூடத்தில், தலைக்கு மேலே ஐம்பதுக்கு மேற்பட்ட வெண்ணிறத் தலைகள் அந்தரத்தில் தொங்குகின்றன. ஒன்று சிரிக்கிறது, ஒன்று அழுகிறது, ஒன்று வாயைப் பிளந்து அலறுகிறது. ஸோஃபி கேவ் என்னும் அம்மையார் செய்தவை. நம் பையன் ஒவ்வொரு தலையைப் போலவும் முகத்தை வைத்துக் காட்ட ஆரம்பித்தான். "திருஷ்டிக்குத்தானே கட்டியிருக்கா?" என்று நம் தாயார் கேட்டார். இதைவிட நல்ல விளக்கம் நமக்குத் தோன்றாததால் ஆமோதித்து விட்டோம்.

மேற்குக் கூடத்தில்தான் ஸர் ரோஜரைச் சந்தித்தோம்.

ஸர் ரோஜர் என்பது ஒரு யானை. பாடம் பண்ணி நிறுத்தியிருக்கிறார்கள். காதைப் பார்த்தவுடனேயே நம் கண்டத்து யானை என்று தெரிந்துவிடுகிறது. பாஸ்டாக் என்பவருடைய மிருகக் கூட்டத்தோடு ஊர் ஊராகச் சுற்றிய பின், கிளாஸ்கோவில் அவர் ஏற்படுத்திய மிருகக்காட்சிசாலையில் கடைசிக் காலத்தைக் கழித்தது. அதற்கு மதம் பிடித்தது. பாகர்கள் அருகே போக முடியவில்லை. 1900-ம் வருஷத்தில் ஒரு நாள் காலை ஆகாரம் தின்று கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். இப்போது அதன் தலைக்கு மேலே, இரண்டாவது மகாயுத்தக் காலத்து ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்று தொங்குகிறது. குழந்தைகள் விமானத்தைப் பார்த்து ஆரவாரம் செய்தன. நம் தாயார் யானையை விட்டு நகரவில்லை.

"உயிர் காலேஜிலேருந்து செத்த காலேஜுக்கு வந்துட்டயாடாப்பா!" என்றார் அதைப் பார்த்து.

பிறகு நம் பக்கம் திரும்பி, "மதம் பிடிச்ச ஆனையைச் சங்கிலியிலே கட்டி, எட்டி நின்னு மட்டையைப் போட்டுண்டிருந்தா, நாளானா தானே தெளியும். எங்க ஊர்க் கோயில் ஆனைக்கு அப்படித்தான் பண்ணுவா. சாப்பிடற ஜீவனைச் சுடுவாளோ?" என்று கேட்டார். யானை கட்டத் தெரியாத ஊரில் யானையை வைத்துக்கொண்டால் துப்பாக்கியைத் தவிர வேறு வழி தோன்றாது போலும்! நாம் இப்படி நினைத்தோமே தவிர வெளியே சொல்லவில்லை. காவற்காரர் ஒருவர் எங்களையே பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

சரியாக மணி ஒன்று. நடுக்கூடத்தின் உப்பரிகையில் இருக்கும் பிரம்மாண்டமான ஆர்கன் முழங்க ஆரம்பித்தது. 1901-ம் வருஷத்துக் கண்காட்சிக்காகச் செய்த வாத்தியம். தினந்தோறும் இந்தக் கச்சேரி உண்டு, அதற்கும் கட்டணம் கிடையாது. நம் ஊர் ஹார்மோனியத்துக்கு விசுவரூபம் எடுக்கும் வரம் கிடைத்தால் இப்படித்தான் இருக்கும். என்ன உருப்படி வாசித்தார்களோ, நமக்குத் தெரியாது. பளிங்குத் தரை காலுக்கடியில் அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. வாயாடியான நம் பெண் அரை மணி நேரம் பேசவில்லை. இதை நம் மனைவி தனியாகக் குறித்து வைத்துக்கொண்டாள்.

மாடியில் சித்திரங்கள். ரெம்பிராண்ட் தீட்டிய கவசமணிந்த வீரனைப் பார்த்தோம். அதை அவசரமாகப் பார்த்ததற்காக இப்போது வருந்துகிறோம். அவசரத்துக்குக் காரணம் ஸால்வடார் டாலி எழுதிய ஏசுநாதர். சிலுவையை ஆகாயத்திலிருந்து குனிந்து பார்ப்பது போன்ற படம். ஆணி இல்லை, இரத்தம் இல்லை, முள் முடி இல்லை. கீழே ஒரு துறைமுகமும் படகும். முகமே தெரியாத அந்த உருவத்தின் முன் பேச்சுக் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.

1952-ல் இதை 8,200 பவுன் கொடுத்து நகரத்தார் வாங்கியபோது பெரிய ரகளை நடந்தது. ஒரு படத்துக்கு இவ்வளவு பணமா என்று ஜனங்கள் கேட்டார்கள். சித்திரக் கல்லூரி மாணவர்களே எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். ஆனால் பொருட்காட்சிசாலைத் தலைவர் டாம் ஹனிமன் சாமர்த்தியசாலி. படத்தோடு அதைப் பிரதி எடுக்கும் உரிமையையும் சேர்த்தே வாங்கிவிட்டார். 1961-ல் ஒருவன் வந்து படத்தைக் கிழித்தான். தைத்து, ஒட்டி, பழையபடி மாட்டியிருக்கிறார்கள். அன்று சண்டை போட்ட ஜனங்களின் மீது நமக்குக் கோபம் வரவில்லை, சற்றுப் பொறாமையே உண்டாயிற்று. தங்கள் பணம், தங்கள் படம், தங்கள் கட்டிடம் என்ற உரிமை இருந்ததனால்தானே சண்டைக்கு வந்தார்கள்? எழும்பூரில் எது வாங்கினார்கள், எது வாங்கவில்லை என்று நாம் எப்போதாவது கேட்டதுண்டா?

நிற்க. உரிமை என்ற பேச்சு வந்துவிட்டபடியால் அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா ஜனங்கள், தெய்வ நம்பிக்கையோடு அணிந்த சட்டை அது. அணிந்தவன் மேல் குண்டு பாயாது என்று நம்பினார்கள். 1890-ம் வருஷம் டிசம்பரில் 'வூண்டட் நீ' என்னுமிடத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் அவர்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். அங்கே விழுந்தவர் ஒருவர் உடலிலிருந்து எடுத்தது என்று சொல்லி, 'பஃபலோ பில்' கூட்டத்தோடு வந்திருந்த ஒரு மனிதர் மூலம் 1892-ல் அது இவ்வூர்ப் பொருட்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தது. நூறு வருஷம் கழித்து, இறந்தவர்களின் சந்ததியார் வந்து கேட்டார்கள். ஊரார் கூடி விவாதித்து, 1999-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இனத்து மூதாட்டி ஒருவர் தம் கையால் அதே போல் இன்னொரு சட்டை தைத்து, பதிலுக்கு இவ்வூருக்குக் கொடுத்தார்.

இதைக் கேட்டதும் நம் பெண், "அப்பா, நம்ம சாமானை எப்போ திருப்பிக் கொடுப்பா?" என்றாள்.

பதில் மைத்துனர் சொன்னார். 2022-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி, இதே கட்டிடத்தில், இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதிகள் முன்னிலையில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மொத்தம் ஏழு பொருள்கள். அவற்றுள் ஒன்று, ஹைதராபாத் நிஜாமின் சேகரத்திலிருந்து 1905-ல் ஒரு பிரிட்டிஷ் தளபதியின் கைக்குப் போன வாள். மற்றவை சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வட இந்தியக் கோயில்களிலிருந்தும் வழிபாட்டிடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்தவை. கான்பூர்க் கோயில் ஒன்றின் நிலைக்கல்லும் அதில் சேர்ந்தது. ஐக்கிய ராஜ்யத்துப் பொருட்காட்சிசாலை ஒன்று இந்தியாவுக்கு இவ்விதம் திருப்பித் தர ஒப்பந்தம் செய்தது அதுவே முதல் தடவை. நமக்கு உடம்பு புல்லரித்தது. கொண்டு போனதை மறைக்காமல், நாலு பேர் முன்னிலையில் ஒப்புக்கொண்டு கொடுக்கிறார்களே, அதற்கு வணக்கம் சொல்லத்தான் வேண்டும்.

நம் தாயார் மட்டும் யோசனையில் ஆழ்ந்திருந்தார். "கோயில் கல்லைக் கொடுத்தா, எந்தக் கோயில்லே கொண்டு போய் வைப்பா?" என்றார்.

நாம் சமாதானமாக, பத்தூர் நடராஜரின் கதையைச் சொன்னோம். தஞ்சை ஜில்லாவில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டுக் களவாக லண்டன் போய்ச் சேர்ந்த மூர்த்தி அது. கோயிலே வழக்காடலாம் என்று அந்நாட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்டு தீர்ப்பளிக்க, 1991-ல் சுவாமி தாய்நாடு திரும்பினார். தாயாருக்குப் பரம சந்தோஷம். "இப்போ பத்தூர்லே தீபாராதனை நடக்கறதா?" என்றார்.

இந்த இடத்தில் நாம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மீண்டு வந்த விக்கிரகங்களில் பலவற்றை, மறுபடி களவு போகாமல் இருக்கத் திருவாரூரில் ஒரு பாதுகாப்பு மையத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்ற உண்மையைச் சொல்லிவிட்டோம்.

"ஜெயில்லேருந்து ஜெயிலுக்கா?" என்றார் தாயார்.

பூட்டினவர்களையும் குறை சொல்வதற்கில்லை. இரவுக் காவலில்லாத கிராமத்துக் கோயிலில் கொண்டு வைத்தால் திருடனுக்கு நாமே வழிகாட்டியது போலாகும். அந்த ஊர்க்காரர்களோ எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் சென்னையில் இருக்கிறார்கள். நாமும் அப்படிப்பட்ட ஒரு ஊர்க்காரர்தான். ஆகையால் நியாயம் எந்தப் பக்கம் என்று எடுத்துச் சொல்லும் யோக்கியதை நமக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. உண்டியில் ஐந்து பவுன் நோட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே வந்தோம்.

மழை நின்றிருந்தது. வீடு திரும்ப இட வட்ட வண்டியில் ஏறினால் இரண்டே நிலையம். நம் தாயார் ஏற மறுத்துவிட்டார். "வலமாப் போற வண்டியிலே போனாலும் நம்ம ஸ்டேஷன் வராதா என்ன?" என்றார். வரும்தான், பதின்மூன்று நிலையம் தாண்டி. டிக்கெட் என்னவோ எங்கே இறங்கினாலும் ஒரே விலைதான். குழந்தைகள் குதூகலத்துடன் பாட்டியின் கட்சியில் சேர்ந்துகொண்டன. எல்லோரும் வல வட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தோம்.

"இப்படி முழு வட்டம் சுத்தி வந்தா, அந்தக் கட்டிடம் உள்ளேதானே இருக்கும்?" என்று வழியில் கேட்டார் தாயார்.

மைத்துனர் படத்தைப் பார்த்து, "ஆமாம் மாமி, உள்ளேதான்" என்றார்.

"அப்போ அந்த ஆனைக்கும் சேர்த்து ஆச்சு" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கைகளைக் குவித்துக்கொண்டார்.