ஒன்பது குழி, எட்டு மந்திரம்

அக்கா மகன்தான் என்னை இதில் இழுத்துவிட்டவன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இருபது முகப் பகடையை உருட்டி, இல்லாத குகைக்குள் இல்லாத பூதங்களோடு சண்டை போடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கதையை நடத்துகிறவன் அவன். எனக்கு மந்திரவாதி வேடம். நரைத்த தாடிக்கு அதுதான் பொருத்தம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

சில மாதங்கள் ஆடி ஐந்தாம் லெவலுக்கு வந்தேன். அன்றே ஐந்தாம் லெவல் மந்திரம் ஒன்றைப் பெருமையாக அறிவித்தேன்.

"மாமா, அது உங்களுக்கு வராது."

"ஏன்டா? நான் அஞ்சாம் லெவல்தானே?"

"நீங்க அஞ்சாம் லெவல். உங்க மந்திரம் மூணாம் லெவல் வரைக்கும்தான். அஞ்சாம் லெவல் மந்திரம் வேணும்னா நீங்க ஒம்பதாம் லெவலுக்குப் போகணும்."

தொல்லை அதோடு நிற்கவில்லை. நாங்கள் ஆடுவது 2014 பதிப்பு. அதன் கணக்குப்படி என் மந்திரவாதி ஒரு நாளைக்கு எட்டு மந்திரங்களைத் தயார் செய்துகொள்ளலாம். லெவலுக்கு ஐந்து, அறிவுக்கு மூன்று. ஆனால் அவற்றைப் போட அவனுக்கு உள்ள ஸ்லாட்டுகள் ஒன்பது: முதல் லெவலில் நான்கு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் இரண்டு. நான் பல்லாங்குழி ஆடி வளர்ந்தவன். குழிக்கு ஒரு சோழியாக மந்திரங்களைப் போட்டுப் பார்த்தேன். ஒரு குழி காலியாக நின்றது. மருமகன் தலையில் அடித்துக்கொண்டான்.

இன்னொரு வாரம் எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். மிஸ்டி ஸ்டெப் போட்டுத் தப்பித்து, அதே மூச்சில் ஃபயர்பால் வீசுவதாகச் சொன்னேன். கூடாதாம். முதலாவது 'போனஸ் ஆக்‌ஷன்' மந்திரம். அதைப் போட்ட சுற்றில் வேறு மந்திரம் போடுவதென்றால் ஸ்லாட் கேட்காத சின்ன மந்திரம்தான் போடலாம். சரி, ஒரே சுற்றில் இரண்டு பெரிய மந்திரம் கூடாது போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் தப்பு. போர்வீரன் தொழிலையும் கொஞ்சம் கற்ற மந்திரவாதி, கூடுதலாக ஒரு ஆக்‌ஷன் வாங்கி, ஒரே சுற்றில் இரண்டு ஃபயர்பால் வீசலாம். தடை போனஸ் ஆக்‌ஷனுக்கு மட்டும்தான்.

நான் முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். எந்த ஆணையும் புரியவில்லை என்றால் மேலே 'பார்வை' என்று போட்டிருக்கும் பழைய ஆணையை எடுத்துப் படிக்க வேண்டும். அதன் பார்வைக்கும் பின்னால் போக வேண்டும். எங்கோ அடியில் ஒருவர் ஒரு காரணத்துக்காக எழுதிய வரி இருக்கும். காரணம் போயிருக்கும், வரி மட்டும் மிஞ்சியிருக்கும். இதையும் அப்படித் தோண்டினேன்.

லெவல் குழப்பத்தின் மூலம் சீக்கிரமே அகப்பட்டது. 1978-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸே ஒப்புக்கொள்கிறார்: ஆளுக்கும் மந்திரத்துக்கும் பூதத்துக்கும் குகைத் தளத்துக்கும் ஒரே சொல் வருகிறது, வேறு வேறு சொற்கள் வைக்க யோசித்தோம், எல்லோருக்கும் பழகிவிட்டதால் விட்டுவிட்டோம். பழகாத என்னைப் போன்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

ஸ்லாட்டுக்கு இன்னும் ஆழம் போக வேண்டியிருந்தது. 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் நூலின் கடைசியில், தன்னைப் பாதித்த கதைகளைக் கைகாக்ஸ் பட்டியல் போட்டிருக்கிறார். அதுதான் நான் தேடிய 'பார்வை'. அதில் ஒரு பெயர் ஜாக் வான்ஸ்.

வான்ஸின் 'தி டையிங் எர்த்' 1950-இல் வந்தது. சூரியன் அணையப்போகும் காலத்தில் நடக்கும் கதைகள். முற்காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த மந்திரங்களில் நூறு சொச்சமே மிச்சம். மந்திரத்தை ஏட்டிலிருந்து மூளையில் ஏற்ற வேண்டும். மூளையோ சின்னப் பாத்திரம். மஸீரியன் என்ற பெரிய மந்திரவாதிக்கே கடுமையான மந்திரம் நான்கு, இல்லையென்றால் லேசானது ஆறுதான் கொள்ளும். உச்சரித்த கணத்தில் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். மஸீரியன் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் போகிறான். வழியில் வரும் ஆபத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு ஒன்று என்று கையிருப்பு கரைகிறது. கடைசியில் மண்டை வெறுமையாக நிற்கும்போதுதான் சாவு வருகிறது. என் சனிக்கிழமைகள் முழுக்க அந்தச் சின்னக் கதைக்குள் இருந்தன. அதில் வரும் பிரிஸ்மாட்டிக் ஸ்ப்ரே என்ற மந்திரம்கூட இன்றைய விதிநூலில் ஏழாம் லெவலில் இருக்கிறது. எங்கள் விளையாட்டில் வெக்னா என்று ஒரு வில்லனும் உண்டு. வான்ஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப்போட்டுச் செய்த பெயர்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாகாஸ்திரத்தை ஒரு முறைக்கு மேல் தொடமாட்டேன் என்று குந்திக்கு வாக்குக் கொடுத்த, பிரம்மாஸ்திர மந்திரம் வேண்டிய நேரத்தில் மறந்துபோன கர்ணனை நாம் அறிவோம்.

ஆனால் ஒரு கதாசிரியரின் கற்பனை ஏன் விதியாக வேண்டும்? அதற்கும் பின்னால் 1971-இல் வந்த செயின்மெயில் இருக்கிறது. பொம்மைப் படைவீரர்களை மேசையில் நிறுத்தி ஆடும் இடைக்காலப் போர் விளையாட்டு. அதன் பின்னிணைப்பில் மந்திரவாதி வருகிறான், பீரங்கிக்குப் பதிலாக. அவன் வீசும் நெருப்புருண்டை எரியும் பரப்பு பெரிய கவண்பொறியின் பரப்பு. மின்னல் தாக்கும் பரப்பு பீரங்கியுடையது. படைக்கு நடுவே அவன் சுட்டுக்கொண்டே இருக்கலாம். அதே ஆளை ஐந்தாறு பேரோடு குகைக்குள் அனுப்பினால் மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை? அவனுக்குக் குண்டுக் கணக்கு வேண்டியிருந்தது. வான்ஸின் மறதி அந்தக் கணக்கைத் தந்தது. ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும் என்று பின்னால் சேர்த்த விதி, வெடிமருந்தைக் குறிக்கும் குறும்பு. பீரங்கி வாசனை அதுவரை போகவில்லை.

1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் மூன்று சிறுநூல்களாக விளையாட்டை வெளியிட்டபோது வான்ஸைப் படித்தவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரிதான் இந்த விதி இருந்தது. அட்டவணைக் கட்டத்தில் உள்ள எண், ஒரு சாகசத்துக்கு நினைவில் நிற்கும் மந்திரங்களின் எண்ணிக்கை என்கிறது ஒரு வரி. ஒருமுறை போட்டதை அன்றைக்கு மறுபடி போட முடியாது என்கிறது இன்னொன்று. சாகசமா, நாளா? ஒரே மந்திரத்தை இரண்டு தடவை மனப்பாடம் செய்யலாமா? 1976-இல் தங்கள் நிறுவனப் பத்திரிகையில் கைகாக்ஸ் வான்ஸின் பெயரைச் சொல்லி விளக்கம் எழுதவேண்டி வந்தது. ஆக, விளையாட்டுக்கு இரண்டு வயதாகும்போதே என் குழப்பம் பிறந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இனி பல்லாங்குழிக்கு வருகிறேன். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் மந்திரவாதியின் ஸ்லாட் உண்மையிலேயே குழிதான். காலையில் ஒவ்வொன்றிலும் இன்ன மந்திரம் என்று போட்டுவைக்க வேண்டும். ஃபயர்பால் இரண்டு வேண்டுமென்றால் இரண்டு குழி. அதே பதிப்பில் சார்சரர் என்று இன்னொரு வகையினரும் வந்தார்கள். சில மந்திரங்களே தெரியும், முன்னேற்பாடு எதுவும் கிடையாது. நினைத்ததை நினைத்தபோது போடுவார்கள். 2014 பதிப்பு இரண்டையும் கலந்தது. மந்திரவாதியின் காலைத் தயாரிப்பை வைத்துக்கொண்டு, போடும் முறையைச் சார்சரரிடமிருந்து எடுத்துக்கொண்டது. எட்டு மந்திரம் சமையல்கட்டில் தயாராக இருக்கும் பலகாரம். ஒன்பது ஸ்லாட் கையில் உள்ள டோக்கன். குழியிலிருந்து சோழியை எடுத்துவிட்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

இதையெல்லாம் மருமகனிடம் சொல்லி, ஒரு வாரம் பழைய முறையில் ஆட அனுமதி கேட்டேன். பெருந்தன்மையாகச் சம்மதித்தான். காலையிலேயே தாளில் ஒன்பது வட்டம் போட்டு நிரப்பினேன். மூன்றாம் லெவல் குழி இரண்டிலும் ஃபயர்பால்.

சாயங்காலம் அவன் எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது சிவப்பு டிராகன் குட்டி. அதை நெருப்பு சுடாது.