பங்கு என்ற சொல்

தமிழ்க் கத்தோலிக்கர்களாகிய நமக்கு மிகவும் பழகிப்போன சொற்களுள் ஒன்று ‘பங்கு’ என்பது. பங்குத்தந்தை, பங்குக் கோவில், பங்குப் பேரவை, பங்கு மக்கள் என்று நாள்தோறும் அதனைப் பலமுறை உச்சரிக்கிறோம். ஆயின், அதன் முதற்பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தந்தையின் நிலத்தில் பிள்ளைக்கு உரியது பங்கு; கரைவலை இழுத்தவனுக்கு மீன்பாட்டில் கிடைப்பது பங்கு; வாணிகத்தில் முதல் போட்டவனுக்கு இருப்பது பங்கு. மறைமாவட்டத்தின் ஒரு பகுதி என்ற பொருளிலேயே இச்சொல் நம்மிடையே வழங்குகிறது எனினும், பகிர்வு என்னும் கருத்து அதனுள் உறங்கிக்கொண்டே இருக்கிறது. பங்கு உடையவன் பங்காளி. அச்சொல்லைக் கேட்டவுடன் நம் ஊர்களில் நினைவுக்கு வருவது பாசமன்று, வரப்புத் தகராறே! பகிர்வதற்கென்று பிறந்த உறவு பகையின் பெயராக மாறியது ஏன் என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தொடக்கத் திருச்சபையின் முதல் உட்பூசலும் உணவைப் பற்றியதே. எல்லாவற்றையும் பொதுவாய் வைத்து, வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ந்த அந்த எருசலேம் சபையைப் பற்றி நாம் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஆனால், திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை அத்துணை ஆர்வத்தோடு நாம் வாசிப்பதில்லை. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் முறையாகக் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் என்ன செய்தனர்? முறையிட்டோரைக் கடிந்துகொள்ளவில்லை, பொறுத்துப்போகுமாறு அறிவுரை கூறவுமில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, பந்திப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தனர். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை விவிலிய அறிஞர் சுட்டிக்காட்டுவர். யாருடைய பங்கு மறுக்கப்பட்டதோ, அவர்கள் தரப்பினர் கையிலேயே அளக்கும் படி கொடுக்கப்பட்டது. நம் சிந்தனைக்கு இதனினும் கூர்மையான செய்தி வேறில்லை எனலாம்.

அளக்கும் படி யார் கையில் இருக்கிறது என்ற இதே வினாவைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தின் ராச்டேல் நகரத் தொழிலாளர்களும் எழுப்பினர். நெசவாலைத் தொழிலால் வளர்ந்த அந்நகரில் கூலி குறைந்திருந்தது, வேலைநிறுத்தமும் பயனளிக்கவில்லை. கடைகளிலோ கலப்படம் மலிந்திருந்தது. கடன் நோட்டில் சிக்கிய குடும்பம் கடைக்காரர் கொடுப்பதை வாயடைத்து வாங்கவேண்டியிருந்தது. எனவே அவர்களுள் 28 பேர், வாரந்தோறும் சில பென்னிகளாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுண்டு வீதம் 28 பவுண்டு முதல் திரட்டினர். 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்னும் தெருவில் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அன்று அங்கிருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய சிலவே. எதிர்க்கடைக்காரர் நகைத்தனர் என்பர். ஆயினும் கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க வாணிகம், எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு, வாங்கிய அளவுக்கு ஏற்ப ஆதாயத்தில் பங்கு என்ற அவர்களுடைய நெறிகளே உலகக் கூட்டுறவு இயக்கத்தின் அடித்தளமாயின.

அந்த வித்து நம் மண்ணிலும் விழுந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம், இந்தியாவின் நுகர்வோர் கூட்டுறவு முன்னோடிகளுள் ஒன்று. திருச்சபையும் வெறும் பார்வையாளராய் இருந்துவிடவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜிம்மி டாம்ப்கின்ஸ், மோசஸ் கோடி என்னும் இரு குருக்கள் ஏழை மீனவரையும் சுரங்கத் தொழிலாளரையும் வீட்டு அடுப்பங்கரைகளில் சிறு சிறு படிப்புக் குழுக்களாகக் கூட்டினர். ஆன்டிகோனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் 1928-இல் தொடங்கிய விரிவாக்கத் துறை அதற்குத் துணை நின்றது. கணக்குப் படிக்கக் கற்றவர்கள் கூட்டுறவுக் கடை நடத்தவும் கடன் சங்கம் அமைக்கவும் கற்றனர். நம் குமரிக் கடற்கரையிலும் மீனவர் சங்கங்கள் தம் மீனைத் தாமே ஏலமிட்டு, வட்டிக்காரரின் பிடியைத் தளர்த்திய வரலாற்றை நாம் அறிவோம். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் வெளியிட்ட ‘உண்மையில் அன்பு’ என்னும் சுற்றுமடலில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இயங்கிவரும் நுகர்வோர் கூட்டுறவுகளையும், அவற்றில் கத்தோலிக்கர் ஆற்றிய பங்கையும் நினைவுகூர்ந்துள்ளார். பொருள் வாங்குதல் பொருளாதாரச் செயல் மட்டுமன்று, அறநெறிச் செயலும் ஆகும் என்பது அவருடைய போதனை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், அன்பியப் பெண்கள் தாமாகவே இத்தகைய முயற்சி ஒன்றைத் தொடங்கினர். 43 குடும்பங்கள் ஆளுக்கு 500 ரூபாய் முதல் போட்டன. மாதத்தின் கடைசி வாரம் வீட்டுக்கு வீடு பட்டியல் வாங்குவர். மொத்தக் கடையில் பருப்பு, புளி, மிளகாய், வெல்லம் ஆகியவற்றை மூட்டையாக எடுப்பர். அரிசிச் சிப்பங்களை அடுத்த ஊர் உழவர் மூவரிடமிருந்தே நேராகக் கொணர்வர். மாதத்தின் முதல் ஞாயிறு, திருப்பலி முடிந்ததும், மறைக்கல்விக் கூடத்தில் பாய் விரித்து, புடைத்து, கல் பொறுக்கி, எடைபோட்டுக் கொடுப்பர். எண்ணெய்க்குத் தூக்குவாளி, பருப்புக்குத் துணிப்பை என அவரவரே கொண்டுவரவேண்டும் என்பது விதி. ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பைகளைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடைசெய்தது. இப்பெண்களுக்கு அந்த ஆணை புதிதாய்த் தோன்றவில்லை.

நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கும்போது இது எதற்கு என்று சிலர் வினவினர். நியாயமான வினாவே. ஏழைகளின் அடுப்பு அணையாமல் காக்கும் அந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பது தகாது. ஆனால் அங்கே நாம் அட்டைதாரர், இங்கே உரிமையாளர். அங்கே கிடைப்பதை வாங்குகிறோம். இங்கே எதை, யாரிடம், எவ்விலைக்கு வாங்குவது என்று கூடிப் பேசுகிறோம். அவ்வாறு பேசியதன் பயனாகவே, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற மரபு நெல்லைப் பயிரிட அவ்வுழவருள் ஒருவர் துணிந்தார். அறுவடைக்கு முன்பே வாங்குவோர் இருக்கின்றனர் என்ற உறுதி அவருக்குக் கிடைத்தது. மறைந்துபோகவிருந்த இத்தகைய நெல்வகைகளைத் திருத்துறைப்பூண்டிப் பகுதியில் தேடித் திரட்டி உழவரிடம் பரப்பிய நெல் ஜெயராமன் 2018-இல் காலமானார். விதையைக் காப்பது உழவரின் கடமை மட்டுமன்று; அந்த விளைச்சலை வாங்கி உண்ணும் அடுப்பும் வேண்டும். படைப்பைப் பேணுவது பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் மடல் சிறு உற்பத்தியாளரின் கூட்டுறவுகளைப் பாராட்டுவதும் இதனாலேயே.

கடன் கொடுப்பதில்லை என்ற ராச்டேல் விதியை இப்பெண்களும் ஏற்றனர். ஆனால், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டவரின் மனைவி வெறும் பையோடு எப்படி வருவார்? விதியைத் தளர்த்தினால் முதல் கரையும்; தளர்த்தாவிடில் அன்பு கரையும். முதிய பெண்மணி ஒருவரே வழி கூறினார். அரிசி வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு பிடியைப் பொதுப் பானையில் இட்டுச் செல்லவேண்டும்; அதிலிருந்து யார் எடுத்தார் என்பதை இருவர் மட்டுமே அறிவர். முதலும் கரையவில்லை, எவர் தலையும் குனியவில்லை.

இவையெல்லாம் எளிதில் முடிந்தன. உண்மையான சோதனை தராசில் வந்தது. அப்பங்கில் இரு தெருக்கள் உண்டு. நம் பங்குகள் பலவற்றில் உண்டு என்பதை வாசகர் அறிவர். கல்லறைத் தோட்டத்திலும் தேர்ப்பவனியிலும் அதன் தழும்புகளை நாம் கண்டிருக்கிறோம். முதல் மூன்று மாதங்கள் எடை போட்டவர் அனைவரும் மேலத்தெருப் பெண்களே. நான்காம் மாதம் சுழற்சி முறைப்படி கீழத்தெருப் பெண்கள் இருவர் தராசின் முன் அமர்ந்தனர். அன்று சில பைகள் மடித்த நிலையிலேயே வீடு திரும்பின. மறுவாரம் பங்குப் பேரவையில் ஒருவர், மிகவும் மரியாதையான சொற்களில், “தெருவுக்கு ஒன்றாக இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளலாமே, சாமி” என்றார்.

அவ்வார அன்பியக் கூட்டங்களில் திருத்தூதர் பணிகளின் ஆறாம் அதிகாரத்தை வாசிக்குமாறு நாம் கேட்டுக்கொண்டோம். விளக்கம் எதுவும் எழுதி அனுப்பவில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு அப்பெண்கள் திரண்டு வந்தனர். மேலத்தெருவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை எழுந்து, “ஒரே தட்டிலிருந்து நற்கருணை வாங்குகிறோம். ஒரே தராசிலிருந்து பருப்பு வாங்க முடியாதா?” என்று மட்டும் கேட்டு அமர்ந்தார். கீழத்தெருவைச் சேர்ந்த மற்றொருவரின் பேச்சு இன்னும் சுருக்கமானது: “எங்களுக்கு அளந்து கொடுத்தபோது நாங்கள் வாங்கிக்கொண்டோம். நாங்கள் அளந்தால் என்ன குறை?” மறுமொழி கூற எவரும் முன்வரவில்லை. தராசு ஒன்றே, சுழற்சி முறை தொடரும், சாவியும் கணக்கு நோட்டும் அவ்வாண்டு கீழத்தெருவில் இருக்கும் என்று முடிவாயிற்று.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் நான்கு குடும்பங்கள் தம் 500 ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விலகின. ஓராண்டுக்குப் பின் அவற்றுள் இரண்டு மீண்டும் வந்தன. மனம் மாறி வந்தனரா, எண்ணெய் விலையைக் கருதி வந்தனரா என்று நாம் வினவவில்லை. ஒரே பாயில் அமர்ந்து கல் பொறுக்கும் பெண்கள் முதலில் விலைவாசி பேசினர். பின் பிள்ளைகளின் படிப்பைப் பேசினர். பின் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் சென்றனர். கல்லறைத் தோட்டத்தின் சுவர் இன்னும் இடியவில்லை. ஆயினும் பருப்பிலிருந்து நீங்கிய கற்களோடு மனத்திலிருந்தும் சில நீங்கின என்று நாம் நம்புகிறோம்.

கொரிந்து நகரச் சபையில், ஒருவர் பசித்திருக்க மற்றவர் உண்டு குடித்து மகிழ்ந்ததைக் கண்ட பவுலடியார், அவர்கள் கூடி உண்பது ஆண்டவரின் திருவிருந்தே அன்று என்று இடித்துரைத்தார். அங்கே அவர் கண்ட பிழை பந்தியில் இருந்தது. பந்தியின் பிழை பலியையே பழுதாக்கிவிடும் என்பது அவர் இறையியல். ஆதலால் கூட்டாகப் பொருள் வாங்குதல் சிக்கனத்துக்கான உத்தி மட்டுமே என்று நாம் கருதவேண்டியதில்லை. உழவருக்கு உரிய விலையும், மண்ணுக்கு உரிய ஓய்வும், ஏழைக்கு உரிய மதிப்பும், அண்டை வீட்டாருக்கு உரிய சமநிலையும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

ஐக்கிய நாடுகள் அவை 2012-ஐயும் 2025-ஐயும் உலகக் கூட்டுறவு ஆண்டுகளாக அறிவித்தது. அறிவிப்புகள் ஆண்டோடு முடியும்; அடுப்போ நாள்தோறும் எரியவேண்டும். பெரிய முதலும் கட்டடமும் இதற்குத் தேவையில்லை. ஓர் அன்பியம், ஒரு பட்டியல், ஒரு தராசு போதும். அதனை யார் கையில் கொடுப்பது என்று முடிவெடுக்கும் துணிவே அரிது. அத்துணிவைப் பெறும் நாளில், பங்கு என்ற சொல் தன் முழுப்பொருளையும் நம்மிடையே பெற்று விளங்கும்.