உர மூட்டையில் படித்த ஊர்

குறுவை நடவுக்கு முன்னால் எங்கள் வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைத்த உர மூட்டைகளில்தான் அந்தப் பெயரை முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தேன்: உத்யோகமண்டல். அப்பாவுக்கு அது ஃபாக்டம்பாஸ், வயலுக்கு அடியுரம். காலிச் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்து அம்மா படுதாவாக்கிவிடுவாள். எங்கள் நெல் அந்தப் பெயரின் மேல் கிடந்துதான் பல வருஷம் காய்ந்தது. அப்படி ஓர் ஊர் உண்டா, அங்கே வீடும் கோயிலும் குழந்தைகளும் இருப்பார்களா என்று யோசித்ததில்லை.

உண்டு. ஆனால் உத்யோகமண்டல் என்பது தொழிற்சாலைகள் வந்த பிறகு சூட்டிய பெயர். அதற்கு அடியில் இருக்கும் பழைய பெயர் ஏலூர். ஆந்திரத்து ஏலூரு வேறு. இது கொச்சி நகரத்துக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த தீவு. மட்டாஞ்சேரியின் மிளகுக் கிட்டங்கிகளிலிருந்து காயல் வழியே வடக்கே போனால், உப்புநீரும் ஆற்றுநீரும் கைகலக்கும் இடத்தில் வரும். இன்று நகராட்சி. 2010 வரை பஞ்சாயத்து. உள்ளே நடந்து பார்த்தால் இரண்டும் பொருந்தாது, ஒரு கிராமத்தின் எலும்பு இன்னும் தெரிகிறது.

தமிழ் வாசகருக்கு ஏலூரின் ஒரு மூலை ஏற்கெனவே அறிமுகம். 2006இல் கொடைக்கானல் குணா குகைப் பள்ளத்தில் விழுந்த நண்பனை, இன்னொரு நண்பன் கயிறு கட்டி இறங்கித் தூக்கி வந்தான் அல்லவா, அந்தப் பையன்கள் மஞ்சும்மல்காரர்கள். 2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் வந்தபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் எத்தனை பேர் கண் கலங்கினார்கள்! அந்த மஞ்சும்மல் ஏலூர் நகராட்சியைச் சேர்ந்த பகுதிதான். படத்தில் குகையை நினைவு வைத்திருக்கிறோம். அந்தப் பையன்கள் திரும்பிப் போன ஊரை மறந்துவிட்டோம்.

மஞ்சும்மலைப் பங்கு என்றுதான் சொல்ல வேண்டும். அமலோற்பவ மாதா தேவாலயம், அதை ஒட்டிக் கார்மெல் சபைத் துறவிகளின் மடம், அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய புனித சூசையப்பர் மருத்துவமனை என்று, ஆலைகளுக்கு வெகுகாலம் முன்னரே இங்கே மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு அடங்கிய வாழ்க்கை ஒன்று இருந்தது. பக்கத்து வராப்புழை கார்மெல் மிஷனின் பழைய தலைமையிடம். துறவிகளும் நோயாளிகளும் படகிலேயே வந்து போன காலம் அது. தென்னந்தோப்பு, நெல், மீன், தோடுகள். மலையாளத்தில் தோடு என்றால் ஓடை. இந்தச் சொல் பின்னால் மறுபடி வரும்.

ஏலூர் திருவிதாங்கூருக்குச் சொந்தம். ஆற்றுக்கு அக்கரையில் சேரநல்லூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. அரசாங்கத்தின் கடைசி மூலையில், எவர் கண்ணிலும் படாமல் கிடந்த தீவு.

எப்படிக் கண்ணில் பட்டது? இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பசி வந்தது. உள்ளூரில் விளைச்சலைக் கூட்டியாக வேண்டும், அதற்கு உரம் வேண்டும். திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் முனைந்தார். திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் பொறுப்பேற்றார்கள். மேட்டூரில் ரசாயன ஆலை நடத்திய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. 1943இல் 'ஃபாக்ட்' என்ற உர நிறுவனம் பதிவானது. 1947இல் ஏலூரில் உற்பத்தி தொடங்கியது. நாட்டின் முதல் பெரிய உர ஆலை அது. ஒரு மலையாளத் தீவின் தலையெழுத்தை மாற்றியதில் இரண்டு தமிழ்க் கைகள் உண்டு என்பதை நம்மவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

ஏன் ஏலூர்? நிலக்கரி இல்லாத திருவிதாங்கூரில் அம்மோனியா செய்யத் தேவையான வாயுவை விறகை எரித்தே எடுத்தார்கள். இதைப் படித்தபோது நான் சற்று நேரம் மலைத்துப் போனேன். கிழக்கு மலைக் காடுகள் எரிந்து உரமாகி, நெல்லாகி வந்திருக்கின்றன. மின்சாரம் 1940இல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல் நிலையத்திலிருந்து வந்தது. அதைச் சுழற்றிய முதிரப்புழையும் பெரியாற்றில் வந்து சேரும் ஆறுதான். சரக்கு ஏற்றக் கொச்சித் துறைமுகம். கொதித்த இயந்திரத்தைக் குளிரவைக்கவும் கழுவியதைக் கொண்டுபோய்க் கொட்டவும் வாசலிலேயே ஆறு. விறகும் மின்சாரமும் துறைமுகமும் காலப்போக்கில் மாற்றுக் கண்டன. ஆற்றுக்கு மட்டும் மாற்று இல்லை.

ஒன்றைத் தொடர்ந்து ஒன்று வந்தது. ஏலூரை ஒட்டிய அலுபுரத்தில் 1943லேயே அலுமினியம் உருகத் தொடங்கியிருந்தது. 1952 டிசம்பரில் நேரு வந்து அபூர்வ மண் தனிம ஆலையைத் திறந்துவைத்தார். சவறாவிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் அள்ளிய கடற்கரை மணலின் மோனசைட் இங்கே வந்துதான் பிரிந்தது. காஸ்டிக் சோடாவுக்குத் திருவிதாங்கூர் கொச்சி கெமிக்கல்ஸ். மலேரியாவை ஒழிக்க டி.டி.டி. செய்ய இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ். அக்கரையில் எடையார் தொழிற்பேட்டை. எல்லாம் சேர்த்துச் சிறிதும் பெரிதுமாக இருநூறுக்கு மேற்பட்ட ஆலைகள் என்று கணக்கு.

இந்தத் தீவுக்கு ஆலை என்ன தந்தது என்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மாதச் சம்பளம் என்ற ஒன்றையே அறியாத வீடுகளில் சம்பளம் வந்தது. ஃபாக்ட் குடியிருப்பின் மர நிழல் சாலைகளில் இன்றும் நடந்து பார்க்கலாம். பள்ளி, மைதானம், கலையரங்கம். 1960களில் நிறுவனத்தின் தலைமையில் இருந்த எம். கே. கே. நாயர் உரத்தோடு கதகளியையும் வளர்த்தார். உத்யோகமண்டலில் கதகளிப் பள்ளி நடந்தது. சல்பர் நெடி வீசும் காற்றில் இரவெல்லாம் செண்டை முழங்க, நளனும் பாகுகனும் ஆடினார்கள். ஷிப்ட் முடிந்த தொழிலாளி உட்கார்ந்து பார்த்தான். சுதந்திர இந்தியாவில் தொழிற்சாலை என்றால் என்ன கனவு கண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கனவு நடந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் குழிக்கண்டம் தோடு ஓடுகிறது.

பெரிய வரைபடங்களில் அது இருக்காது. ஆலைகளின் ஓரமாகப் புறப்பட்டு வயல், வீடு, சதுப்பு கடந்து பெரியாற்றில் விழும் ஓடை. 1999இல் கிரீன்பீஸ் இதன் அடிச்சேற்றை எடுத்துச் சோதித்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட கரிமச் சேர்மங்கள் கிடைத்தன. டி.டி.டி.யும் அது சிதைந்து உண்டான பொருள்களும் அவற்றில் அடக்கம். மலேரியாவிலிருந்து ஊர் ஊராகக் காப்பாற்றிய மருந்து, செய்த ஊரின் சேற்றில் தங்கிவிட்டது. சுற்றியிருந்த கிணறுகளில் நீர் நிறம் மாறியது. ஆறு சூழ்ந்த தீவின் மக்கள் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் நிலை வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு 2004இல் நேரில் வந்து பார்த்தது. அதன் பிறகு உள்ளூர் மக்களும் இடம்பெற்ற சுற்றுச்சூழல் குழு உருவானது. பெரியாறு மலினீகரண விருத்த சமிதி என்ற மாசு எதிர்ப்பு அமைப்பில் மீனவர்களும் இல்லத்தரசிகளும் சேர்ந்து, ஆறு நிறம் மாறும் நாள்களைக் குறித்துவைத்துப் புகார் கொடுத்துப் போராடிவருகிறார்கள்.

இங்கேதான் ஏலூரின் துயரம் எளிதில் பேசித் தீராததாகிறது. அண்ணன் ஆலைக்குள்ளே தொழிற்சங்கத்தில், தம்பி வாசலில் கொடி பிடிக்கும் கூட்டத்தில் என்று வீட்டுக்குள்ளேயே ஊர் பிரிந்திருக்கும். இரண்டு பேரும் சாப்பிடுவது ஒரே மீன். ஆலையை மூடு என்று வெளியூர்க்காரன் சொல்வது சுலபம். மூடினால் என்ன சாப்பிடுவது என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் காட்டியே கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். சம்பளமா, தண்ணீரா என்று ஒரு தொழிலாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே அநியாயம்.

பெரியாறு நமக்கும் அந்நிய ஆறு இல்லை. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை இதன் தலைப்பகுதி நீரைத்தான் வைகைக்குத் திருப்பிவிட்டது. தேனியிலும் மதுரையிலும் பாய்வது, திரும்பாமல் இருந்திருந்தால் ஏலூரைக் கடந்து கடலுக்குப் போயிருக்கும் நீர். உரம் அங்கிருந்து வந்தது, தண்ணீரும் அங்கே போக வேண்டியதே. நம் சோற்றில் அந்த ஊருக்கு இரட்டைப் பங்கு.

பாதாளம் என்ற இடத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். ஊர்ப் பெயரே அதுதான். ஆற்றுக்குக் குறுக்கே பாலமும் ஷட்டர்களும் சேர்ந்த கட்டுமானம் நிற்கிறது. கோடையில் ஆற்றில் நீர் இறங்கும்போது வேலியேற்றத்தில் கடலின் உப்பு மேலே ஏறிவிடும். ஆலைகளுக்கும் ஆலுவாயில் குடிநீர் எடுக்கும் நிலையத்துக்கும் அது ஆபத்து. முன்பெல்லாம் வருஷா வருஷம் மண்ணால் தற்காலிகக் கரை போட்டு அடைப்பார்கள். இப்போது ஷட்டர் இறங்குகிறது. இறங்கினால் உப்பு நிற்கும், ஓட்டமும் நிற்கும். மேலே தேங்கும் நீரில் என்னென்ன சேர்கிறதோ அதுவும் நிற்கும். மழை வந்ததும் ஷட்டரைத் தூக்குவார்கள்.

2024 மார்ச்சில் கொச்சி நீர் மெட்ரோவின் படகு ஏலூருக்கு வந்தது. மின்கலத்தில் ஓடும் குளிரூட்டிய படகு. தெற்குச் சித்தூரிலிருந்து ஏலூர் வழியாகச் சேரநல்லூருக்குப் போகும். துடுப்புப் படகில் ஆறு கடந்த தலைமுறைக்கு, அக்கரை போக நல்ல படகு வேண்டும் என்பது எத்தனை நாள் ஆசை! புதுத் துறையில் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள்.

இரண்டே மாதத்தில், மே 20ஆம் தேதி இரவு, பாதாளம் ஷட்டர் திறந்த பின் பெரியாற்றில் மீன் செத்து மிதந்தது. விடிந்தபோது ஆறு வெள்ளையாகக் கிடந்தது. வராப்புழை, கடமக்குடி வரை கூண்டுகளில் கரிமீனும் மற்ற மீனும் வளர்த்தவர்கள், கடன் வாங்கிப் போட்ட முதலீட்டைக் கூடை கூடையாக அள்ளினார்கள். தேங்கிய நீரைத் திறந்ததில் பிராணவாயு குறைந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் அளவு மீறி இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. மீன் வளர்த்தவர்களுக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. அழுகத் தொடங்கிய மீனைக் கூடைகளில் சுமந்து, ஏலூரில் இருக்கும் வாரிய அலுவலகத்தின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.