எழுதிய அளவும் வரைந்த கோடும்

ஆர்க்கிடெக்ட் அலுவலகத்திலிருந்து வரும் படங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், எழுதியிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். காரணமுள்ள குறிப்புதான். காகிதம் சுருங்கும், நகலெடுத்தால் கோடு இழுபடும், எண் மட்டும் மாறாது. ஆசாரிமார் அந்த எண்ணை நம்பித்தான் இத்தனை காலமும் மரம் அறுத்தார்கள். கோவை குறிச்சிப் பக்கம் மாடுலர் கிச்சனும் வார்ட்ரோபும் செய்யும் ஒரு பட்டறையில் அந்தக் குறிப்பு தலைகீழாகிக் கிடந்தது. அங்கே அறுப்பது சிஎன்சி இயந்திரம். அது எண்ணைப் படிப்பதில்லை, கோட்டைத்தான் படிக்கிறது.

முன்னறையில் இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு இளம்பெண். சிவில் டிப்ளமோ முடித்தவர். வருகிற ஆட்டோகேட் கோப்புகளை முதலில் திறப்பது அவர்தான். நான் போன நேரம் ஒரு அடுக்களைப் படம் திறந்திருந்தது. சிங்க்குக்குப் பக்கத்துப் பெட்டியின் அகலம் 600 என்று எழுதியிருந்தது.

“இப்பப் பாருங்க சார்” என்று அந்த அளவுக்கோட்டைத் தொட்டு, எழுத்தை நீக்கி, மென்பொருளையே அளக்கச் சொன்னார். 587 என்று வந்தது.

“எப்படிங்க இது?”

“சைட்ல அளவு மாறியிருக்குமுங்க. படத்தை இழுத்துத் திருத்த நேரமில்லாம, எண்ணை மட்டும் மேல தட்டி விட்டுட்டாங்க. ஆசாரி கைக்குப் போனா 600க்குத்தான் செய்வாரு, ஒரு குத்தமும் வராது. மெஷினுக்கு அனுப்பியிருந்தா 587தான் வரும்.”

இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். படம் என்பது மனிதர்களுக்கு எழுதிய கடிதமாக இருந்த வரை அது செல்லுபடியான வழக்கம். படிப்பவர் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. ‘படத்தை அனுப்பினால் போதும், பெட்டி வந்துவிடும்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த நம்பிக்கையைக் கணக்கில் எடுப்பதில்லை.

அவர் காட்டிய மற்ற கோளாறுகளும் கண்ணுக்குத் தெரியாதவையே. நான்கு கோடுகள் சேர்ந்த செவ்வகம் போலிருக்கும், ஒரு மூலையில் கால் மில்லிமீட்டர் திறந்திருக்கும். எது உள்ளே, எது வெளியே என்று இயந்திரத்துக்கு விளங்காது. ஒரே கோடு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை விழுந்திருந்தால் பிட் அதே தடத்தில் இரண்டு முறை ஓடும். எந்தக் கோடு அறுக்க, எது துளையிட, எவ்வளவு ஆழம் என்பதை லேயரின் பெயரை வைத்தே இயந்திரம் தெரிந்துகொள்கிறது. ஆர்க்கிடெக்டின் கோப்பில் லேயர்கள் ‘ஃபர்னிச்சர்’, ‘ஹேட்ச்’ என்ற அளவில் நின்றுவிடும். கதவு மூடியிருக்கும்போது எப்படித் தெரியும் என்பது அவருடைய படம். கீழ்ப்பலகை பக்கப்பலகையோடு எப்படிச் சேர்கிறது என்பது அதில் இருக்காது, அவர் கையெழுத்திட்ட வேலையும் அதுவல்ல.

பலகையின் கனம் இன்னொரு வம்பு. அந்தப் பெண் மேசையிலிருந்த வெர்னியரை ஒரு துண்டில் பிடித்துக் காட்டினார். 18 எம்எம் என்று பில்லில் வந்த பலகை, 17.6. படத்தில் பெட்டியின் வெளி அகலம் 600, இரு பக்கமும் 18 என்றால் கீழ்ப்பலகையை 564க்கு அறுக்க வேண்டும். இந்தப் பலகையில் அப்படி அறுத்தால் பெட்டி 599.2 வரும். ஐந்து பெட்டி வரிசையாக வைத்தால் கடைசியில் 4 எம்எம் இடைவெளி. இதுவாவது மூடக்கூடியது. அதே படத்தை 18 எம்எம் பிளைவுட்டில் செய்து, ஒரு புறம் 1 எம்எம் மைக்காவும் மறுபுறம் 0.8 லைனரும் ஒட்டினால் பக்கப்பலகை 19.8 ஆகிவிடும். ஒரு பெட்டி 603.6, ஐந்துக்கு 18 எம்எம் கூடுதல். இரண்டு சுவர்களுக்கு நடுவே அந்த வரிசை உள்ளேயே போகாது. படம் மாறவில்லை, கடையில் வாங்கிய பலகைதான் மாறியது.

உள்ளே ஷெட்டில் எட்டுக்கு நாலு ஷீட்டுகள் அடுக்கியிருந்தன. அறுபட்ட ஒவ்வொரு துண்டுக்கும் பார்கோடு ஸ்டிக்கர். எந்த ஓரத்துக்கு எட்ஜ் பேண்ட் என்பது அதிலேயே அச்சாகியிருக்கும். 597க்கு 717 வேண்டிய ஷட்டரை, சுற்றிலும் 2 எம்எம் பேண்ட் ஒட்டப்போவதால், 593க்கு 713 ஆக அறுக்கிறார்கள். ஒட்டும் இயந்திரத்தில் பசை 200 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது, அந்த மூலை முழுக்க அதன் வாடை. துளையிடும் இயந்திரம் பக்கப்பலகையின் முன்ஓரத்திலிருந்து 37 எம்எம் தள்ளி, 32 எம்எம்முக்கு ஒன்றாக, 5 எம்எம் துளைகளை வரிசையாகப் போட்டது. 32 என்ற கணக்கு ஜெர்மனியில் பிறந்தது. பல தண்டுகள் பல்சக்கரத்தில் சுழலும் அன்றைய துளைப்பான்களில், தண்டுகளை அதைவிட நெருக்கமாக வைக்க முடியவில்லை என்பார்கள். பழைய இயந்திரத்தின் இயலாமை இன்று கீல், டிராயர் சானல் எல்லாவற்றுக்கும் சட்டமாகிவிட்டது.

அப்படியானால் நேரடியாகப் படத்திலிருந்து பெட்டி என்பது நடக்கவே நடக்காதா? நடக்கிறது. ஆர்க்கிடெக்ட் இந்தப் பட்டறையின் பெட்டித் தொகுப்பை வைத்தே வரைந்தால் போதும். அதில் ஒரு பெட்டியின் அகலத்தை 600லிருந்து 587க்கு இழுத்தால் பலகை, பேண்ட், துளை எல்லாம் கூடவே மாறும். இரண்டு மூன்று அலுவலகங்கள் அப்படித்தான் அனுப்புகின்றனவாம். பெரும்பாலோருக்கு அது பிடிப்பதில்லை. பட்டறைக்காரனின் அலமாரிக்குள் நின்று நான் ஏன் யோசிக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. வளைந்த முகப்பை அந்தத் தொகுப்பு வரையவிடாது. அதனால் வருகிற படங்களில் பெரும்பகுதியை அந்தப் பெண் முதலிலிருந்து திரும்ப வரைகிறார். விளம்பரத்தில் இவருக்கு இடமில்லை.

பொருத்தும் வேலையைப் பார்க்கும் பெரியவர் இழைப்புளி பிடித்து வளர்ந்தவர். அவர் இன்னும் நூல் கணக்கில்தான் பேசுகிறார். ஷட்டருக்கு ஷட்டர் 3 எம்எம் இடைவெளி அவருக்கு “ஒரு நூல்”. எம்எம் வந்து என்ன மாறியது என்று கேட்டேன்.

“பெட்டி சுத்தமா வருதுங்க தம்பி, பொய் சொல்லக் கூடாது. சொவுருதான் மாறல. மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு. தூக்குக்குண்டு விட்டுப் பாத்தா அரை இஞ்சு தள்ளி நிக்குது.”

அதற்காகவே ஃபில்லர் பட்டைகள் வேண்டுமென்றே அகலமாக அறுபட்டுப் போகின்றன. சுவரின் கோணலை அந்தப் பட்டையில் வரைந்து, அங்கேயே செதுக்கி ஒட்டுவது அவர் வேலை. அந்த ஒரு துண்டுக்கு மட்டும் கோப்பு கிடையாது.

பலகை தப்பாக அறுபட்டால் பணம் யார் கொடுப்பது என்று உரிமையாளரிடம் கேட்டேன். முன்பு அதில் பெரிய தகராறு வந்திருக்கிறது. இப்போது திரும்ப வரைந்த படத்தை ஆர்க்கிடெக்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிய பிறகே இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். அவரோ அதை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் எண்களைத்தான் சரிபார்க்கிறார். ஆகவே அந்தத் தாளில் ஓர் எண்ணைக்கூடக் கையால் தட்டக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குக் கண்டிப்பான உத்தரவு. கோட்டை அளந்து மென்பொருள் தருவது மட்டுமே அச்சாகும். ஓரத்தில் இருந்த பழைய குறிப்பையும் எடுத்துவிட்டார்கள்.